மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலியை முன்கூட்டியே தடுக்க முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. வலது மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பது சென்ற மாதம் உறுதியாயிற்று. இன்னும் மூன்று வாரங்களில் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிவிட்டு, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் சோதித்துப் பார்க்கப்போவதாக அறுவை மருத்துவர் கூறியிருக்கிறார். அதன்பின் கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு.

நோயைவிட எனக்கு அச்சமூட்டுவது வேறொன்று. என் அக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்காக மார்பகமும் அக்குள் முடிச்சுகள் அனைத்தும் அகற்றப்பட்டன. நோய் திரும்பவில்லை. ஆனால் வலி இன்றும் போகவில்லை. மேல்கையின் உட்புறம் மரத்துப்போயிருக்கும் அதே இடத்தில் நெருப்புப் பட்டது போன்ற எரிச்சலும் இருப்பதாகச் சொல்வார். உள்ளாடையின் பட்டை உரசினாலே துடித்துப்போவார். அந்தப் பக்கமாகப் படுத்து உறங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கேட்டபோதெல்லாம் "உயிர் பிழைத்ததே பெரிது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் கிடைத்ததால், இப்போது அவர் யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கும் இப்படித்தான் ஆகுமா, அல்லது அறுவைக்கு முன்பே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? நரம்பைத் தடுக்கும் ஊசி போட்டால் பிற்காலத்தில் வலி வராது என்று ஓரிடத்தில் படித்தேன். நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரையை முன்கூட்டியே தருவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கையை அசைக்கவே கூடாது என்று சிலரும், உடனே பயிற்சி தொடங்க வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே சில ஆண்டுகளாகக் கழுத்திலும் தோளிலும் வலி உண்டு. நோய் தெரிந்த நாளிலிருந்து தூக்கமும் சரியில்லை. இவையும் கணக்கில் வருமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (இதே சிகிச்சையை முடித்தவர்)

சகோதரி, மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே அச்சத்துடன்தான் அறுவை அரங்கத்துக்குள் சென்றேன். எனக்கு அறுவைக்கு முன்பு முதுகுப் பக்கமாக நரம்புத் தடுப்பு ஊசி போட்டார்கள். கண்விழித்தபோது மார்பு கனமாக இருந்ததே தவிர வலி இல்லை. அன்றிரவு உறங்கவும் முடிந்தது. இன்று வரை எனக்கு நீடித்த வலி ஏதும் இல்லை. ஆகவே அந்த ஊசியைக் கட்டாயம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். என் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்மணி, வலிக்கிறது என்று சொன்னால் தொந்தரவாக எண்ணுவார்களோ என்று பற்களைக் கடித்துக்கொண்டு இரண்டு நாட்கள் கிடந்தார். செவிலியர் கேட்டபோதெல்லாம் "பரவாயில்லை" என்றே சொன்னார். நீங்கள் அப்படி இருந்துவிட வேண்டாம். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எவ்வளவு, கையை உயர்த்தும்போதும் இருமும்போதும் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள்.

பதில் 2 (மயக்கவியல் மருத்துவர்)

முதலில் உங்கள் அக்காவைப் பற்றி ஒரு சொல். அவருக்கு இருப்பது கற்பனையும் அல்ல, பொறுமைக் குறைவும் அல்ல. அறுவைக்குப் பின் தோன்றி, புண் ஆறிய பிறகும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அந்தப் பதிப்பு, தனி நோய்நிலையாகவே பதிவுசெய்கிறது. இது அரிதானதும் அல்ல. டென்மார்க்கில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களிடம் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டு, அதன் முடிவு 2009இல் வெளியானது. பதிலளித்த 3,253 பேரில் 47 விழுக்காட்டினருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் வலி இருந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம். வலி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது லேசானது. கடுமையான வலி என்று சொன்னவர்கள் அவர்களில் 13 விழுக்காட்டினர். இளம் வயதினருக்கும், அக்குள் முடிச்சுகள் முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் வலி கூடுதலாக இருந்ததாக அதே ஆய்வு காட்டியது.

அக்குளைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனெனில் உங்கள் அக்கா சொல்லும் எரிச்சலின் முகவரி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது விலா இடைவெளியிலிருந்து புறப்படும் ஓர் உணர்வு நரம்பு, அக்குளின் கொழுப்புத் திசுவைக் கடந்து மேல்கையின் உட்புறத் தோலுக்குச் செல்கிறது. முடிச்சுகளை முழுமையாக அகற்றும்போது அந்த நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், சில வேளைகளில் அறுபடவும் நேரலாம். அப்படிக் காயம்பட்ட நரம்பு பரப்பும் பகுதியில் மரத்துப்போதலும் எரிச்சலும் சேர்ந்தே இருப்பது விந்தையாகத் தோன்றினாலும், நரம்பு வலிக்கு அதுவே அடையாளம்: தொடுகையை உணர்த்தும் திறனை இழந்த நரம்பு, தொடுகை இல்லாமலேயே வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தடுப்பு என்பது அறுவை மருத்துவருடன் நீங்கள் நடத்தும் உரையாடலில் தொடங்குகிறது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளம் கண்டு எடுத்துச் சோதிக்கும் முறைக்குச் சென்டினல் முடிச்சுச் சோதனை என்று பெயர். உங்களுக்குத் திட்டமிடப்பட்டிருப்பது அதுதானா என்று கேளுங்கள். அதில் புற்றுநோய் காணப்பட்டாலும் எல்லாருக்கும் மற்ற முடிச்சுகளை அகற்ற வேண்டியதில்லை என்பது கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி, ஒன்று அல்லது இரண்டு சென்டினல் முடிச்சுகளில் மட்டும் நோய், மார்பகத்தைக் காக்கும் அறுவை, அதன்பின் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு என்ற நிலையில் இருந்த பெண்களை 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், முடிச்சுகளை முழுவதும் அகற்றாமல் விட்டவர்களின் ஆயுள் அதனால் குறையவில்லை என்று 2017இல் வெளியான முடிவு காட்டியது. முழு அகற்றல் உண்மையிலேயே தேவைப்படுபவர்களும் உண்டு; நோயை விட்டுவைத்து வலியைத் தவிர்ப்பதில் பொருளில்லை. தேவைப்பட்டால், அந்த உணர்வு நரம்பை இயன்றவரை காப்பாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி ஊசியைப் பற்றி. மேலே எழுதியுள்ள சகோதரி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் அந்த ஊசிதான் காத்தது என்ற உறுதியை என்னால் உங்களுக்குத் தர இயலாது. முதுகெலும்பின் பக்கவாட்டில் போடப்படும் பாராவெர்ட்டிப்ரல் தடுப்பும், மார்புத் தசைகளின் இடையே போடப்படும் பெக்ஸ் தடுப்பும் அறுவை நாளன்றும் மறுநாளும் வலியைத் தெளிவாகக் குறைக்கின்றன, அதில் ஐயமில்லை. நீண்டகாலப் பலனில்தான் சான்றுகள் இரு பக்கமாக நிற்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, ஏறத்தாழ ஏழு பெண்களுக்கு இத்தகைய தடுப்பு கொடுத்தால் ஒருவருக்கு நீடித்த வலி தவிர்க்கப்படலாம் என்று கணித்தது; சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவும் சிறியவை. அடுத்த ஆண்டே, பல நாடுகளில் 2,108 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு வெளியானது. புற்றுநோய் திரும்புவதைத் தடுக்குமா என்பதே அதன் முதன்மைக் கேள்வி என்றாலும், வலியையும் அவர்கள் கேட்டறிந்தார்கள். ஆறு மாதத்தில், தடுப்பு பெற்றவர்கள், பெறாதவர்கள் என்ற இரு பிரிவினரிலும் 52 விழுக்காட்டினருக்கு வெட்டிய இடத்தில் வலி இருந்தது. ஓராண்டில் தடுப்பு பெற்றவர்களில் 28, பெறாதவர்களில் 27 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஊசி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்பதே என் கருத்து. அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கே பிற்காலத்தில் வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முதல் நாட்களின் வலியை அடக்குவது அதனளவிலேயே நன்மை; அதற்கு மேல் கிடைத்தால் அது கூடுதல் பேறு. ஆனால் ஊசி தனியாக நிற்கக் கூடாது. பாரசிட்டமாலும், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபென் போன்ற வலிமருந்தும், வலி வந்த பின் அல்ல, நேரம் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். மயக்கத்தின்போது ஒருமுறை டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதும் வாந்தியையும் வலியையும் குறைக்கும். மார்ஃபின் வகை மருந்துகள் இவற்றை மீறி வரும் வலிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. அவை நீடித்த வலியைத் தடுப்பதாக நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. தலைசுற்றலும் மந்த நிலையும் மட்டும் உறுதியாக வருகின்றன. நரம்பு வலி தோன்றிய பிறகு அவற்றுக்கு இடமுண்டு என்பது வேறு செய்தி.

உங்கள் தோள்வலியும் தூக்கமின்மையும் கட்டாயம் கணக்கில் வரும். அறுவைக்கு முன்பே உடலில் வேறெங்கேனும் வலி இருப்பவர்களுக்கும், உறக்கம் கெட்டவர்களுக்கும், வலியைப் பற்றிய அச்சம் மனத்தை விட்டு அகலாதவர்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். இதைச் சொல்வது உங்களை மேலும் அஞ்சவைக்க அல்ல. மாற்றக்கூடியவை இவைதாம் என்பதால் சொல்கிறேன். மயக்கத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் இவற்றையெல்லாம், அக்காவின் அனுபவம் உட்பட, மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் மயக்கத்திலிருந்து எழுவோமா என்று மட்டுமே கேட்கிறார்கள். வலியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் திட்டத்தை மாற்றியமைக்க எங்களுக்கும் வழி பிறக்கும். உறக்கத்துக்கும் அச்சத்துக்கும் உளவியல் ஆலோசகரை இந்த மூன்று வாரங்களிலேயே பார்க்க முடிந்தால் பாருங்கள்.

பதில் 3 (இயன்முறை மருத்துவர்)

மருத்துவர் விரிவாக எழுதிவிட்டதால், கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுவைக்குப் பின் கையை உடலோடு ஒட்டிவைத்துப் பாதுகாப்பது இயல்பாகத் தோன்றும். வலிக்கும் என்று அசைக்காமல் இருக்க, தோள் இறுகும்; இறுகிய தோளை அசைத்தால் இன்னும் வலிக்கும். கதிர்வீச்சின்போது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்குத் தோள் தடையின்றி உயர்வது இரட்டிப்புத் தேவை. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் தோள் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்த ஏழு முதல் பத்து நாட்களில் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஓராண்டு முடிவில் கையின் செயல்திறன் கூடுதலாகவும் வலி குறைவாகவும் இருந்தன. கைவீக்கமோ புண் சிக்கலோ அதனால் அதிகரிக்கவில்லை.

முதல் வாரத்தில் விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது, தோளை மெல்லச் சுழற்றுவது, தலைவாருவது போன்றவை போதும். முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். முன்கூட்டியே இழுத்து நீட்டினால் புண்ணில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். வடிகுழாய் இருந்தால் அது எடுக்கப்படும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதன்பின் சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, படுத்தபடி இரு கைகளையும் கோத்துத் தலைக்குப் பின்னால் கொண்டுசெல்வது என்று கூட்டிக்கொண்டே போகலாம். வலுவூட்டும் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகு. இழுவை தெரிய வேண்டும், கூர்மையான வலி வரக் கூடாது. பயிற்சிக்குப் பின் வலி அடங்காமல் மறுநாளும் கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கையை நோக்கி, தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியது போன்ற நரம்பு தட்டுப்படலாம். உண்மையில் அது நரம்பு அல்ல. நிணநீர்க் குழாய்களைச் சுற்றிய திசு தடித்து இறுகியது. பார்ப்பவர்களுக்கு மிகுந்த அச்சம் தரும், ஆனால் மென்மையான நீட்டல் பயிற்சியால் பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும். கையையே தூக்காமல் இருந்துவிட்டால்தான் சிக்கல். அதேபோல, பாதிக்கப்பட்ட கையால் பளு தூக்கினால் கை வீங்கிவிடும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் மேற்பார்வையோடு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், வீக்கம் கூடவில்லை என்று 2009இலேயே நிறுவப்பட்டுவிட்டது. அளவறிந்து, சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும்.

ஒரு வேண்டுகோள்: இயன்முறை மருத்துவரை அறுவைக்கு முன்பே ஒருமுறை பாருங்கள். தோள் இப்போது எவ்வளவு உயர்கிறது என்பதை அளந்து வைத்துக்கொண்டால், பின்னர் எதை மீட்க வேண்டும் என்பது தெரியும். உங்கள் பழைய கழுத்து வலிக்கும் இந்த மூன்று வாரங்களில் சிறிது செய்ய முடியும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பதில்களை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "கற்பனை அல்ல" என்ற வரியில் அவர் அழுதுவிட்டார். இரண்டு ஐயங்கள் மட்டும். புண் ஆறும் வலிக்கும் நிலைத்துவிடப் போகும் வலிக்கும் வேறுபாட்டை எப்படி அறிவது? நான்கு ஆண்டுகள் கழித்து அக்காவுக்குச் சிகிச்சை பயன்படுமா? புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரப்படும் தமாக்ஸிஃபென் மாத்திரையை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பதில் 4 (மயக்கவியல் மருத்துவர்)

புண் ஆறும் வலி நாளுக்கு நாள் இறங்குமுகமாக இருக்கும், அசைக்கும்போது அதிகமாகவும் அசையாதபோது குறைவாகவும் தெரியும். சில வாரங்கள் கடந்தும் குறையாமல் நிற்பது, அல்லது எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர் வலி, ஊசி குத்துவது போன்ற உணர்வு, துணி பட்டாலே தாங்க முடியாமை என்று தன்மை மாறுவது, நரம்பு வலியின் அறிகுறி. மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மறுபரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சு முடிந்து சில மாதங்கள் கழித்துப் புதிதாகத் தோன்றும் வலியையும், எலும்பில் ஓரிடத்தில் நிலையாக நின்று வளரும் வலியையும், கை திடீரென வீங்குவதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் புற்றுநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அக்காவுக்குக் காலம் கடந்துவிடவில்லை. முழுவதும் நீங்கிவிடும் என்று வாக்களிக்க மாட்டேன். உறங்கவும் உடுத்தவும் இயலும் அளவுக்குக் குறைப்பது பலருக்குக் கைகூடியிருக்கிறது. தோலை மரக்கச் செய்யும் லிடோகெயின் ஒட்டுப்பட்டை, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் வகை மாத்திரைகள், குறிப்பிட்ட நரம்புக்கு அருகில் போடப்படும் ஊசி, இறுகிய தோளுக்கு இயன்முறைப் பயிற்சி, வலியோடு வாழ்வதற்கான உளவியல் பயிற்சி என்று வழிகள் பல உள்ளன. பெரும்பாலும் இரண்டு மூன்றைச் சேர்த்தே பயன்படுத்துவோம்.

தமாக்ஸிஃபென் பற்றிக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அந்த மருந்து கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு ஆற்றலுடன் வேலைசெய்கிறது. பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை வலுவாகத் தடுக்கின்றன. நரம்பு வலிக்குப் பரவலாக எழுதப்படும் டுலாக்ஸெட்டினும் ஓரளவு தடுக்கிறது. வென்லாஃபாக்ஸினில் அந்தத் தடை மிகக் குறைவு. எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் தமாக்ஸிஃபென் எடுப்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். வலிக்காகத் தமாக்ஸிஃபெனைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு நீங்கள் செல்லும்போது, இயலுமானால் அக்காவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வலி சிகிச்சைப் பிரிவு பல இடங்களில் மயக்கவியல் துறையின் கீழேயே இயங்குகிறது. அவருடைய பெயரையும் அங்கே அன்றே பதிந்துவிடலாம்.